ஏழையின் கண்ணுக்கும் அதே வில்லை: வைத்தியர் பிரெட் ஹொலோஸ்

கண்புரை நோய் என்றதும் எம்மில் மூத்தவர்கள் பலருக்கு நினைவில் வருவது தடித்த கண்ணாடி அணிந்த பாட்டனோ பாட்டியோதான். புரை படர்ந்த வில்லையை முழுதாக அகற்றிவிட்டு அதற்கு ஈடாகக் கண்ணாடி கொடுப்பதே அன்றைய சத்திரசிகிச்சை முறை. அக்கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ நோயாளி மீண்டும் குருடராவார். 1980களில் செல்வந்த நாடுகளில் கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லை பொருத்துவது வழமையாகிவிட்டது. எனினும் விலை, நுணுக்குக்காட்டி, பயிற்சி ஆகியவற்றைக் காரணம் காட்டி, வறிய நாடுகளுக்குப் பழைய முறையே போதும் என்று நிபுணர்கள் பலர் கருதினர். அதனை ஏற்க மறுத்தவர்களுள் ஒருவர் பிரெட் ஹொலோஸ்.

1929 இல் நியூசிலாந்தின் டுனீடின் நகரில் பிறந்த அவர், பிரித்தானியாவில் கண் வைத்தியம் பயின்று 1965 இல் சிட்னியில் குடியேறினார். அவுஸ்திரேலியப் பழங்குடியினரிடையே கண்நோய்கள் மலிந்திருக்கக் கண்டு அதிர்ந்தார். 1976 முதல் 1978 வரை அவரது குழுவினர் 465 சமூகங்களுக்குச் சென்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்தனர். பழங்குடியினரின் கண் சுகாதாரத்தை அரசு அலட்சியம் செய்வதாகக் கூறி, 1985 இல் தமக்கு அளிக்கப்பட்ட தேசிய விருதை மறுத்தார். நாவடக்கம் அவரிடம் இருந்ததில்லை. எயிட்ஸ் நோய் தொடர்பாக 1992 இல் அவர் தெரிவித்த கருத்துகள் கண்டனத்துக்கு உள்ளாகின. அக்கண்டனம் நியாயமானதே என்பது எமது எண்ணம்.

1987 இல் அவர் எரித்திரியா சென்றபோது அங்கு விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. மலைகளுக்குள் மறைந்திருந்த வைத்தியசாலைகளையும், போராளிகள் தாமே மருந்து தயாரிப்பதையும் கண்டார். மருந்து செய்யும் கைகள் வில்லை செய்யாதா? நேபாளத்தின் வைத்தியர் சந்துக் ருயித்தும் இவ்வெண்ணத்தில் அவருடன் இணைந்தார்.

1989 இல் ஹொலோசுக்குச் சிறுநீரகப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. 1992 ஜூலையில் அவர் வைத்தியசாலைக் கட்டிலை விட்டெழுந்து வியட்நாம் சென்றார். அந்நாட்டின் முந்நூறுக்கும் மேற்பட்ட கண் வைத்தியர்களுக்குப் புதிய முறையைப் பயிற்றுவிப்பதாக அவர் வாக்களித்திருந்தார். 1993 பெப்ரவரி 10 ஆம் திகதி காலமான அவரது உடல், தாம் நோயாளரைத் தேடிச் சென்ற பேர்க் என்னும் சிற்றூரில் அடக்கம் செய்யப்பட்டது. மறு ஆண்டு அஸ்மாராவிலும் காத்மண்டுவிலும் வில்லைத் தொழிற்சாலைகள் இயங்கத் தொடங்கின. முன்னர் நூறு டொலருக்கும் மேல் விற்ற வில்லை, பின்னர் பத்து டொலருக்கும் குறைவாகக் கிடைக்கலாயிற்று.