சூட்டில் மறைந்த பொருளைத் தேடியவர்: ஜூல்ஸ் போர்டே

உயிரணு வளர்ப்புச் செய்முறை வகுப்பில் முதல் நாளே எங்களுக்கு ஒரு கட்டளை வந்தது. சீரத்தை 56 பாகை செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்க வேண்டும். சூடாக்கினோம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அந்த அரை மணி நேரத்திற்குப் பின்னால் ஓர் அறிஞரின் வாழ்க்கை இருப்பதை மூன்றாம் ஆண்டில்தான் அறிந்தேன். (தமிழ்ப்பள்ளியை விட்டபின் அறிவியலைத் தமிழில் எழுதுவது எனக்கு இதுவே முதல் முறை. பிழையிருப்பின் பொறுத்தருள்க.)

ஜூல்ஸ் போர்டே 1870 ஜூன் 13ஆம் நாள் பெல்ஜியத்தின் சுவாஞி நகரில் பிறந்தார். 1892இல் பிரசல்ஸில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1894இல் பாரிஸ் சென்று, பாஸ்டர் கழகத்தில் மெச்னிகோவின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அன்று அறிஞர்கள் இரு அணியாகப் பிரிந்திருந்தனர். கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்களே உடலின் காவலர்கள் என்பது மெச்னிகோவின் கொள்கை. இரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே அந்த ஆற்றல் இருக்கிறது என்பது ஜெர்மானியர் பலரின் வாதம். இளைஞர் போர்டே, ஆசிரியரின் கூடத்தில் இருந்துகொண்டே அடுத்த அணிக்கு வலுச்சேர்க்கும் சோதனையைச் செய்தார்! அதற்குத் துணிவு வேண்டும்.

1895இல் அவர் எடுத்துக்கொண்டது காலராக் கிருமி. அக்கிருமிக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற விலங்கின் புதிய சீரம் கிருமிகளைக் கரைத்தது. அதையே 55 பாகைக்குச் சூடாக்கியதும் ஆற்றல் போய்விட்டது. பிறகு, காலராவையே அறியாத விலங்கின் புதிய சீரத்தை அதில் சிறிது சேர்த்தார். இழந்த ஆற்றல் திரும்பியது. ஆகவே சீரத்தில் இருவகைப் பொருள்கள் உள்ளன என்று அவர் தெளிந்தார். ஒன்று சூட்டைத் தாங்கும் எதிர்ப்பொருள். குறிப்பிட்ட கிருமியை மட்டும் அடையாளம் காண்பது. மற்றது சூட்டில் அழிவது. எல்லா விலங்குகளிலும் முன்பே இருப்பது. பின்னதை அவர் அலெக்சின் என்றார். ஜெர்மனியின் எர்லிக்கோ, எதிர்ப்பொருளின் பணியை நிறைவு செய்வதால் அதை 'நிரப்பு' என்னும் பொருள்படும் சொல்லால் அழைத்தார். இருவரும் ஆண்டுக்கணக்கில் கருத்து மோதினர். இறுதியில் நிலைத்தது எர்லிக்கின் பெயர்தான். கண்டவருக்குப் பெயர் வைக்கும் உரிமை கிட்டவில்லையே என்று எனக்குச் சற்று வருத்தம்.

1901இல் தாயகம் திரும்பி, பிரசல்ஸில் பாஸ்டர் கழகத்தை அமைத்தார். மைத்துனர் ழாங்கூவுடன் கண்ட நிரப்பு நிலைநிறுத்தச் சோதனைதான் 1906இல் வாசர்மனின் மேகநோய்ச் சோதனைக்கு அடிப்படையானது. அதே ஆண்டில் கக்குவான் இருமல் கிருமியை இருவரும் வளர்த்துக் காட்டினர். அக்கிருமி இனம் இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. 1919ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசும் அவரை வந்தடைந்தது.

என்னைக் கவர்ந்தது அதிகம் பேசப்படாத இன்னொரு சோதனை. 1913இல் அவர் கினிப்பன்றியின் சீரத்தை அகாருடன் கலந்து வைத்தார். ஆம், நம் வீடுகளில் இனிப்பாகச் செய்யும் அதே அகார் அகார்! அந்தச் சீரத்தை வேறொரு கினிப்பன்றிக்குச் செலுத்தியபோது கடும் ஒவ்வாமை அதிர்ச்சி போன்ற நிலை தோன்றியது. அத்தகைய அதிர்ச்சியில் கினிப்பன்றியின் மூச்சுக்குழல்கள் இறுகிவிடும். கிருமியைக் கொல்லும் சீரமே மூச்சையும் அடைக்கக்கூடும்.

போர்டே 1961 ஏப்ரல் 6ஆம் நாள் பிரசல்ஸில் காலமானார். அவர் கண்ட அலெக்சின் ஒரே பொருளன்று, முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்களின் கூட்டம் என்பதை இன்று அறிவோம். அவற்றில் சில உடையும்போது சி3ஏ, சி5ஏ என்னும் சிறு துண்டுகள் பிறக்கின்றன. இவை மூச்சுக்குழல் தசையைச் சுருக்கும். அழற்சி அணுக்களை வரவழைக்கும். வீட்டுத் தூசியில் வாழும் உண்ணியின் நொதிகளே இப்புரதங்களை நேராக வெட்டவல்லவை. சிறுவயது முதல் இன்ஹேலரோடு அலையும் எனக்கு இதைப் படித்தபோது மெத்தையைப் பார்க்கவே பயமாயிற்று.

ஆயினும் கதை அவ்வளவு எளிதன்று. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுகளில், சி3ஏ ஏற்பி நீக்கப்பட்ட எலிகளுக்கு ஒவ்வாமை ஆஸ்துமாவின் மூச்சிறுக்கம் குறைந்தது. சி5 புரதமே இல்லாத எலிகளுக்கோ அது கூடியது. சி5 தொடக்கத்தில் ஒவ்வாமை உருவாகாமல் தடுக்கிறது, நோய் வேரூன்றிய பின் அதை வளர்க்கிறது என்பது ஆய்வாளர் பலரின் விளக்கம். சி5ஐத் தடுக்கும் மருந்து ஓர் அரிய இரத்த நோய்க்கு 2007இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆஸ்துமாவுக்கு அத்தகைய மருந்து இன்னும் வரவில்லை. எந்த நேரத்தில் தடுப்பது என்பதுதான் அங்கே சிக்கல்.