குட்டைகளைத் தேடிய ராணுவ டாக்டர்

1883-ம் ஆண்டு. பெங்களூர் ராணுவ முகாமில் டாக்டராக இருந்த ரொனால்டு ராஸ் கொசுத் தொல்லையால் அவதிப்பட்டார். ஜன்னலுக்கு வெளியே இருந்த தொட்டித் தண்ணீரில் புழுக்கள் நெளிவதைக் கண்டு, அதைக் கவிழ்த்தார். கொசு குறைந்தது. அதிகாரிகளின் உணவு விடுதியிலும் அப்படியே செய்யலாம் என்றார். அங்கிருந்த அதிகாரி மறுத்துவிட்டார். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள உறவு அப்போது ராசுக்கே தெரியாது.

1857-ல் அல்மோராவில் பிறந்த ராஸ், லண்டனில் மருத்துவம் படித்து, 1881-ல் இந்திய மருத்துவப் பணிக்கு வந்தவர். 1897-ல் ஊட்டிக்கு அருகே சீகூர் மலைச்சரிவில் ஆராய்ச்சிக்குப் போனவரையே மலேரியா பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி, செகந்திராபாத்தில், நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார். 1902-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ராசின் கதையைப் பெரும்பாலும் இத்துடன் முடித்துவிடுவார்கள். அவர் ஆப்பிரிக்காவில் பட்ட பாடு பலருக்குத் தெரியாது.

1899-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் போனார். அது மழைக்காலம். பிரீடவுன் நகரில், தெருவோரக் குட்டைகளில்தான் மலேரியாக் கொசு வளர்கிறது என்று கண்டார். குட்டைகளைத் தூர்க்க வேண்டும், முடியாத இடத்தில் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்றார். 1901-ல் கிளாஸ்கோ செல்வந்தர் ஒருவர் பணம் கொடுத்தார். கூலியாட்கள் காலி டப்பாக்களை அகற்றினார்கள், பள்ளங்களை நிரப்பினார்கள். ஆனால் அடுத்த மழைக்குப் புதிய குட்டைகள் வந்துவிடும். நன்கொடைப் பணம் எத்தனை மழைக்குத் தாங்கும்?

இதற்கிடையில், நோயாளியாகத் தோன்றாத ஆப்பிரிக்கக் குழந்தைகளின் ரத்தத்திலும் கிருமி இருப்பதை வேறு ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அந்தக் குழந்தைகளைக் குணப்படுத்துவது பற்றிப் பேச்சில்லை. வெள்ளையர் அவர்களை விட்டு விலகி வசிக்க வேண்டும் என்பதே அவர்கள் சொன்ன யோசனை. 1904-ல் பிரீடவுனுக்கு மேலே, குன்றின் மீது ஐரோப்பியருக்குத் தனிக் குடியிருப்பு எழுந்தது. குட்டையைத் தூர்த்தால் ஊருக்கே நன்மை. குன்றில் வீடு கட்டினால் கட்டிக்கொண்டவருக்கு மட்டும்தான்.

எகிப்தில், இஸ்மாயிலியா நகரில் வேறு விதமாக நடந்தது. அங்கே சூயஸ் கால்வாய்க் கம்பெனி விடாமல் செலவு செய்தது; காய்ச்சல் அநேகமாக மறைந்தது.

1907-ன் இறுதியில் ராஸ் மொரீஷியஸ் தீவுக்குப் போனார். அங்குள்ள கரும்புத் தோட்டங்களில் தமிழர் உள்பட இந்தியத் தொழிலாளர்கள் ஏராளம். குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, எந்தத் தோட்டத்தில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். மலேரியா எங்கே அதிகம், எங்கே குறைவு என்பதை அதுவே காட்டிவிட்டது. கணிதப் பித்தரான ராஸ், இன்னொரு கணக்கும் போட்டார். கொசுவை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை; ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தாலே நோய் தானாக மறையும் என்பதுதான் அது. அந்தக் கால டாக்டர்கள் பலருக்கு அது புரியவில்லை.

ராஸ் 1932-ல் லண்டனில் காலமானார். 1973-ல் மொரீஷியசில் மலேரியா ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பிறகு அது மீண்டும் தலைதூக்கி, மறுபடி அடக்கப்பட்டது. சியரா லியோன் கிராமங்களில் குழந்தைகளை அது இன்னும் கொல்கிறது.