பெயர் சொல்லி அழைத்த அன்னை



மழை நாளில் இறம்பொடை நீர்வீழ்ச்சியின் இரைச்சலைக் கேட்டிருப்பீர்கள். வேடிக்கை பார்க்க வருபவருக்கு அது அழகு. கொழுந்தெடுக்கும் தாய்க்கோ அது அச்சம். காலையில் கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு மலையேறியவள் அவள். மழை வலுக்கும்போதெல்லாம் அவள் மனம் அந்த மடுவத்தையே சுற்றி வருகிறது. மண் சரிந்தால் தன் பிள்ளையை யார் தூக்குவார், எங்கே கொண்டுபோவார் என்பதே அவள் கவலை.

இந்தக் கவலையோடுதான் இவ்வாரம் மரியா மொண்டிசோரி அம்மையாரின் வாழ்வை உங்கள் முன் வைக்கிறோம். பாலர் பாடசாலையையே மொண்டிசோரி என்று அழைக்கும் அளவுக்கு அவர் பெயர் நம் நாட்டில் பழகிவிட்டது. ஆனால் பேரிடரில் சிக்கிய சிறுவர்களிடையே அவர் கண்ட பாடம் பலருக்குத் தெரியாது.

1870 ஆகஸ்ட் 31ஆம் நாள் இத்தாலியின் கியாரவல்லே என்னும் ஊரில் அவர் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பது அரிதாயிருந்த அக்காலத்தில், பலரின் ஏளனத்தைப் பொறுத்துக்கொண்டு 1896இல் உரோமையில் வைத்தியப் பட்டம் பெற்றார். 1907 ஜனவரி 6, மூவிராசாக்கள் திருநாளன்று, உரோமையின் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் தம் முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பெற்றோர் பொழுதெல்லாம் வேலைக்குப் போய்விட, கேட்பாரற்று மாடிப்படிகளில் திரிந்த ஐம்பதுக்கு மேற்பட்ட சிறுவர்களே அங்கு முதலில் சேர்ந்தவர்கள். நம் லயத்துப் பிள்ளைகள் உங்கள் நினைவுக்கு வரவில்லையா?

ஈராண்டு நிறையுமுன் பெருந்துயர் ஒன்று வந்தது. 1908 டிசம்பர் 28 விடியற்காலையில், நத்தார் மகிழ்ச்சி அடங்குமுன்னரே, மெசினா நகரை நிலநடுக்கம் சிதைத்தது. எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்ட ஏறக்குறைய 60 சிறுவர் உரோமைக்குக் கொண்டுவரப்பட்டு, மரியின் பிரான்சிஸ்கன் மறைப்பணிக் கன்னியரின் மடத்தில் சேர்க்கப்பட்டனர். நமக்கு அயலான நீலகிரியில், உதகமண்டலத்தில் குடியேறியிருந்த கன்னியரிடமிருந்து 1877இல் தோன்றிய சபை அது.

அப்பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். பெயர் தெரியாது, எந்தக் குடும்பம் என்று சொல்லவும் ஆளில்லை. அவர்கள் பேசவில்லை, உண்ணவில்லை, இரவில் அலறி அழுதார்கள். அங்கே மொண்டிசோரி முறைப்படி ஓர் இல்லம் அமைக்கப்பட்டது. சிறு மேசைகள், சிறு நாற்காலிகள், பூச்சாடிகள் வைக்கப்பட்டன. மேசையில் தட்டு வைக்கவும், பொருள்களைப் பத்திரமாக ஏந்திச் செல்லவும், இடத்தை ஒழுங்காக வைக்கவும் கன்னியர் பொறுமையோடு பழக்கினார்கள். நாள் செல்லச் செல்லப் பிள்ளைகள் உண்டார்கள், உறங்கினார்கள், சிரித்து ஓடினார்கள். கலங்கிய குழந்தையை நிமிர்த்துவது வெறும் ஆறுதல் மொழியன்று. பதறாத பெரியவரும், மாறாத அன்றாட ஒழுங்குமே என்று அம்மையார் கண்டுகொண்டார்.

அவர் கையாண்ட மௌனப் பாடத்தையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அசையாமல் அமர்ந்திருப்பார்கள். அடுத்த அறையிலிருந்து ஆசிரியை ஒவ்வொருவராக மெல்லிய குரலில் பெயர் சொல்லி அழைப்பார். அழைக்கப்பட்ட பிள்ளை ஓசையின்றி எழுந்து அவரிடம் செல்லும். இது ஆபத்துக்கென வகுத்த பயிற்சியன்று. ஆயினும், ஒரு குரலுக்கு அடங்கி, தன் பெயருக்கு எழுந்து வரப் பழகிய பிள்ளைகளை ஆபத்து வேளையில் வெளியேற்றுவது எத்துணை எளிது!

முதல் உலகப்போர் நடந்த 1917இல், போரால் நொந்த சிறுவருக்காக வெள்ளைச் சிலுவை என்னும் அமைப்பொன்றை உருவாக்க அவர் திட்டமிட்டார். ஆசிரியைகளுக்கு முதலுதவியும், நோயாளர் பராமரிப்பும், கலங்கிய உள்ளங்களைத் தேற்றும் வழியும் முன்னதாகவே கற்பிப்பது அதன் நோக்கம். திட்டம் கைகூடவில்லை, அதன் தேவை இன்றும் மறையவில்லை.

துன்பம் அவரையும் விடவில்லை. முசோலினி அரசோடு முரண்பட்டு 1934இல் இத்தாலியை விட்டு நீங்கினார். 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் ஸ்பெயினிலிருந்தும் வெளியேறினார். 1939இல், தமது 69ஆம் வயதில், சென்னை அடையாறுக்கு வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, பிரித்தானிய அரசு அவரைப் பகைநாட்டவராகக் கருதி நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியது. மகன் மாரியோவைச் சிறைமுகாமில் அடைத்தது. அம்மையாரின் 70ஆம் பிறந்த நாளில்தான் மகன் விடுவிக்கப்பட்டார். பின்னர் கொடைக்கானல் மலையில் சிறுவரிடையே பணியைத் தொடர்ந்தார். 1944இல் நம் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். 1952 மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் கண்மூடினார்.

வாசகரே, இவ்வாழ்வு நமக்கு எதற்கு? 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுள் புதைந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் தப்பினர். திரும்பியபோது வீடில்லை, சிலருக்குப் பெற்றோருமில்லை. அங்கு ஆபத்துண்டு என்று பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு மலைநாடெங்கும் மீண்டும் மண் சரிந்தது.

ஆபத்து வரும் நொடியில் துரையும் அருகில் இருக்கமாட்டார், தலைவரும் இருக்கமாட்டார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஒரு பெண்தான் அப்போது தலைவி. அவளைத் தனியே விட்டுவிட்டு, பின்னர் குறை சொல்வது நியாயமாகுமா?

ஆகவே அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் உங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவம் வரை நடந்து செல்லுங்கள். அன்றன்று வந்த பிள்ளைகளின் பெயர் எழுதப்படுகிறதா? மழை மிகுந்தால் எந்த இடத்துக்குச் செல்வது என்று முடிவாகியுள்ளதா? அவ்வழியில் பிள்ளைகளை ஒருமுறையேனும் நடத்திப் பழக்கியதுண்டா? நடக்கத் தெரியாத குழந்தைகளைத் தூக்க இன்னொரு கை ஓடிவருமா? நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று இவற்றைக் கண்டால் மண்சரிவின் அறிகுறியென அங்குள்ளோர் அறிவார்களா? இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை இல்லையென்றால், வீடு திரும்புமுன் அதைப் பேசித் தீர்த்துவிடுங்கள். பேச மறுப்போர் இருந்தால், திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

மெசினாவின் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லி அழைக்க எவருமில்லை. நம் பிள்ளைகளுக்கு அந்நிலை வரவேண்டாம். மழை தொடங்குமுன்னரே அவர்கள் பெயர்கள் ஓர் ஏட்டிலும், ஒரு தாயுள்ளத்திலும் எழுதப்பட்டிருக்கட்டும்.