ஐம்புலன்களையும் வென்ற ரமண மகரிஷி

1896-ம் ஆண்டு, செப்டம்பர் மாதம்.

திருவண்ணாமலைக் கோவிலில் ஆயிரங்கால் மண்டபம் இருக்கிறது. அந்த மண்டபத்தில், தரைக்கு அடியில் ஓர் இருட்டு அறை. அதற்குப் பாதாள லிங்கம் என்று பெயர். சூரிய வெளிச்சம் எட்டாத இடம்.

அந்த இருட்டில் ஒரு சிறுவன் உட்கார்ந்திருந்தான். வயது 16. மூடிய கண்களைத் திறக்கவே இல்லை. எறும்புகளும் பூச்சிகளும் அவன் தொடைகளைக் கடித்தன. தோல் புண்ணாகி இரத்தமும் சீழும் வடிந்தன. சிறுவன் அசையவில்லை.

பொல்லாத பையன்கள் சிலர் அந்த இருட்டுக்குள் கல்லையும் ஓட்டுச் சில்லையும் எறிந்தார்கள். சேஷாத்திரி சுவாமிகள் என்ற மகான் அவர்களை விரட்டிப் பார்த்தார். வேங்கடாசல முதலியார் என்ற அன்பர் வேறு சிலரையும் கூட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். எல்லோருமாகச் சேர்ந்து சிறுவனை மேலே தூக்கி வந்தார்கள். தன்னைத் தூக்கியதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் உலகம் போற்றிய ரமண மகரிஷி.

உடம்பில் கண் இருந்தது, பார்க்கவில்லை. காது இருந்தது, கேட்கவில்லை. தோல் கிழிந்தது, வலி தெரியவில்லை. ஐம்புலன்களும் எங்கே போயின?

திருச்சுழியில் பிறந்தவர்

பாண்டி நாட்டில் திருச்சுழி என்ற ஊர். அங்கே சுந்தரம் ஐயர் என்ற வக்கீல் இருந்தார். அவர் மனைவி அழகம்மாள். இவர்களுக்கு 1879-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. வேங்கடராமன் என்று பெயர் வைத்தார்கள்.

1892-ல் தந்தை காலமானார். வேங்கடராமன் மதுரையில் சிற்றப்பா வீட்டில் வளர்ந்தான். படிப்பில் அவ்வளவு நாட்டம் இல்லை. பந்து விளையாட்டு, நீச்சல் என்றால் உயிர். தூங்கினால் இடி விழுந்தாலும் எழமாட்டான். விழித்திருக்கும்போது அவனோடு மோத அஞ்சிய பையன்கள், தூங்கும்போது தூக்கிக்கொண்டு போய் அடிப்பார்களாம். மறுநாள் அவர்கள் சொன்னால்தான் அவனுக்குத் தெரியும்.

மரண பயம்

1896-ம் ஆண்டு ஜூலை மாதம். சிற்றப்பா வீட்டு மாடியில் வேங்கடராமன் தனியாக இருந்தான். உடம்பில் ஒரு நோயும் இல்லை. ஆனாலும் சாகப் போகிறோம் என்ற பயம் திடீரென்று பிடித்துக்கொண்டது.

வேறு பையனாக இருந்தால் கத்தியிருப்பான். இவன் கத்தவில்லை. சாவு என்றால் என்ன, சாவது எது என்று பார்த்துவிட முடிவு செய்தான். பிணம் போலக் கை கால்களை நீட்டிப் படுத்தான். வாயை இறுக மூடிக்கொண்டான். மூச்சை அடக்கினான். இந்த உடம்பைச் சுட்டுச் சாம்பலாக்கி விடுவார்கள். அதோடு நானும் அழிந்துவிடுவேனா என்று தனக்குள் கேட்டுப் பார்த்தான்.

உடம்பு கட்டையாகக் கிடந்தது. ஆனால் நான் என்ற உணர்வு மட்டும் உள்ளே ஒளி விட்டது. உடம்பு வேறு, தான் வேறு என்று அவனுக்குத் தெளிவாகியது. பயம் போயே போய்விட்டது.

அன்று முதல் பையன் மாறினான். நல்ல சாப்பாடோ, ருசியற்ற சாப்பாடோ, எதைப் போட்டாலும் சாப்பிட்டான். விளையாட்டில் ஆசை இல்லை. மீனாட்சி அம்மன் கோவிலுக்குப் போய்க் கண்ணீர் பெருக நிற்பான்.

ஆகஸ்டு 29-ந் தேதி, அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்காகக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டான். மீதி இரண்டு ரூபாயையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டு ரெயில் ஏறினான். செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை சேர்ந்தான். பிறகு அவர் அந்த ஊரை விட்டுப் போகவே இல்லை.

ஐந்து நுண்பூதங்கள்

நம் நாட்டுத் தத்துவ நூல்கள் உலகத்தை ஐந்து பூதங்களாகப் பிரித்துச் சொல்கின்றன. ஆகாயம், காற்று, தீ, நீர், நிலம் என்பவை அவை. திருவண்ணாமலையே தீயின் தலம்தான்.

இந்த ஐந்தும் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் பருமையான பூதங்கள். இவற்றுக்கு மூலமாக ஐந்து நுண்பூதங்கள் இருப்பதாக நூல்கள் கூறும். அவற்றுக்குத் தன்மாத்திரைகள் என்று பெயர். ஓசை, ஊறு, ஒளி, சுவை, நாற்றம் என்று தமிழில் சொல்வார்கள். ஊறு என்றால் தொடும்போது தெரியும் உணர்ச்சி. நாற்றம் என்றால் மணம். ஓசையிலிருந்து ஆகாயம் தோன்றியது, ஊறிலிருந்து காற்று, ஒளியிலிருந்து தீ, சுவையிலிருந்து நீர், நாற்றத்திலிருந்து நிலம்.

ஓசையை அறியக் காது. ஊறை அறியத் தோல். ஒளியை அறியக் கண். சுவையை அறிய நாக்கு. நாற்றத்தை அறிய மூக்கு.

இப்படி எண்ணிக்கொண்டே போனால் சாங்கிய நூல் 25 தத்துவங்கள் என்று கணக்குச் சொல்கிறது. சைவ சித்தாந்தம் 36 என்று சொல்கிறது.

ஒரு மாம்பழத்தைத் தின்கிறோம். பழம் வெளியே இருக்கிறது. இனிப்பு நாக்கில் தெரிகிறது. அந்த இனிப்பை மனம் அறிகிறது. அப்படியானால் தின்பவன் யார்? நாக்கா, மனமா, வேறு ஒருவனா?

பிள்ளை கேட்ட கேள்வி

இந்தக் கேள்வியோடு ஒருவர் வந்தார். அவர் பெயர் சிவப்பிரகாசம் பிள்ளை. கல்லூரியில் தத்துவம் படித்தவர். சர்க்கார் வேலையில் இருந்தவர். அப்போது ரமணர் மலைமேல் விரூபாட்சி குகையில் இருந்தார். 1902-ம் ஆண்டு வாக்கில் பிள்ளை அங்கே போய், தான் யார் என்று கேட்டார்.

ரமணர் அந்த நாளில் பேசுவதில்லை. மணலிலும் பலகையிலும் எழுதிக் காட்டினார். அந்தப் பதில்கள் பின்னர் நான் யார் என்ற சிறு நூலாக வெளிவந்தன.

உடம்பும் நாம் இல்லை, ஐந்து பொறிகளும் நாம் இல்லை, மனமும் நாம் இல்லை. இவற்றை எல்லாம் அறிகின்ற அறிவே நாம் என்பது அந்த நூலின் கருத்து. தத்துவங்கள் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருப்பதிலும் பயன் இல்லை என்கிறது அது. பெருக்கித் தள்ள வேண்டிய குப்பையை எவனாவது கிளறிக் கணக்கெடுப்பானா? அறிகிறவனைத் தேடு என்பதே ரமணர் காட்டிய வழி.

சமையல் கட்டில் மகரிஷி

அப்படியானால் கண்ணையும் காதையும் மூடிக்கொண்டு இருட்டில் உட்கார வேண்டுமா? பாதாள லிங்கத்துச் சிறுவனை மட்டும் பார்த்தவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். அவருடைய பிற்கால வாழ்க்கை வேறு கதை சொல்கிறது.

1922-ல் தாயார் அழகம்மாள் காலமானார். அவர் சமாதியைச் சுற்றியே ரமணாசிரமம் வளர்ந்தது. அங்கே ரமணர் விடியுமுன் எழுந்து சமையல் கட்டுக்குப் போவார். காய்கறி நறுக்குவார். குழம்பு பக்குவம் பார்ப்பார். எந்தப் பண்டத்தையும் வீணாக்க விடமாட்டார். இலை தைப்பார். தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்துப் பளபளப்பான கிண்ணம் செய்வார். பத்திரிகை படிப்பார். பசு, குரங்கு, அணில் எல்லாம் அவருக்கு உறவு. ஆனால் பந்தியில் மற்றவர்களுக்கு இல்லாத பண்டம் தமக்கு மட்டும் வந்தால் ஏற்கமாட்டார்.

ஆரம்ப நாளில் அம்மன் அபிஷேகப் பாலைக் கொடுப்பார்கள். அதில் மஞ்சளும் கற்பூரமும் கலந்திருக்கும். ருசி தெரியாமலே குடித்தார். பிறகோ, உப்பும் புளியும் சரியாக இருக்கின்றனவா என்று பிறருக்காகப் பார்த்தார். நாக்கு அதே நாக்குதான். அதற்கு அவர் அடிமை இல்லை.

1924-ம் ஆண்டு ஜூன் மாதம் ஓர் இரவில் ஆசிரமத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். ரமணரின் தொடையில் அடித்தார்கள். திருப்தி இல்லை என்றால் மற்றொரு தொடையிலும் அடித்துக்கொள்ளும்படி அவர் சொன்னார். சீடர்கள் பதிலுக்கு அடிக்கக் கிளம்பியபோது தடுத்துவிட்டார். அடி உடம்பில் விழுந்தது. கோபம் வரவில்லை.

கடைசி இரவு

1949-ல் இடது கையில் முளைத்த கட்டி புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த ஒரே ஆண்டில் நான்கு தடவை ஆபரேஷன் நடந்தது. கையை எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் கூறினார்கள். அவர் சம்மதிக்கவில்லை. அழுத பக்தர்களுக்கு அவரே ஆறுதல் சொன்னார். உடம்பு மிகவும் மெலிந்த பிறகும், தரிசனத்துக்கு வருகிறவர்களைத் தடுக்கக் கூடாது என்று உறுதியாக இருந்தார்.

1950-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி இரவு. வெளியே பக்தர்கள், அவர் பாடிய அருணாசல அட்சர மணமாலையைப் பாடத் தொடங்கினார்கள். அந்த ஓசை அவர் காதில் விழுந்தது. கண்களைத் திறந்தார். கண்ணோரத்தில் நீர் வழிந்தது. 8 மணி 47 நிமிடத்துக்கு மூச்சு அமைதியாக நின்றது. அப்போது அவருக்கு வயது 70.

பாதாள லிங்கத்தில் கல் விழுந்த ஓசையும் கேட்காமல் இருந்தவர், கடைசி இரவில் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விட்டார். ஐம்புலன்களை வெல்வது என்றால் அவற்றைக் கொல்வது அல்ல. அவற்றின் சொந்தக்காரன் யார் என்று தெரிந்துகொள்வதுதான். ரமணர் வாழ்ந்து காட்டிய பாடம் அது.