பாயுஸ் என்னும் வேதசாஸ்திரி



கல்விமான் ஒருவர் வருஷக்கணக்காய்ப் படிப்பித்ததைத் தவறென்று திருச்சபை தீர்ப்பிட்டால் அவர் என்ன செய்வார்? மிக்கேல் பாயுஸ் என்பவரின் சீவியத்தில் இதைக் காணலாம்.

இவர் 1513-ம் வருஷம், இன்றைய பெல்ஜிய தேசத்தில் பிறந்தவர். லூவேன் சர்வகலாசாலையில் வேதாகமம் போதித்தவர். 1563-ல் ஸ்பானிய அரசரால் திரிதெந்தீன் சங்கத்துக்கு அனுப்பப்பட்டார். லுத்தேரின் பதிதம் பரவின காலம் அது. வேதாகமத்தையும் அர்ச். அகுஸ்தீனாரையும் கொண்டே பதிதரை வெல்லவேண்டும் என்று எண்ணினார். எண்ணம் நல்லதுதான். வழியிலே கால் இடறிற்று.

ஆதாமுக்குக் கிடைத்த தேவ இஷ்டப்பிரசாதம் சுபாவத்துக்கு மேலான இலவசக் கொடையல்ல, மனித சுபாவத்துக்குச் சேரவேண்டியதே என்றார். ஜென்மப்பாவத்துக்குப் பின், இஷ்டப்பிரசாதமில்லாத மனச்சுயாதீனம் பாவத்துக்கு மாத்திரமே உதவும் என்றும், அஞ்ஞானிகளின் செய்கையெல்லாம் பாவமே என்றும் போதித்தார். அப்படியானால், சத்தியவேதம் அறியாத ஒரு தாய் பசித்தவனுக்கு இடும் ஒரு பிடி சோறும் பாவமாகிவிடுமல்லவா?

1567-ல் அர்ச். 5-ம் பத்திநாதர், எழுபதுக்கு மேற்பட்ட வாக்கியங்களைக் கண்டனம் செய்தார். ஆனால் பாயுஸின் பெயரைக் குறிப்பிடாமல் தாட்சணியம் காட்டினார். பாயுஸோ, 1569-ல் தம் பக்கத்து நியாயங்களை எழுதி அனுப்பினார். பாப்பானவர் தீர்ப்பை உறுதிப்படுத்தவே, பணிந்தார். ஆனாலும் வழக்கு ஓயவில்லை. கண்டன நிருபத்தின் ஒரு வாக்கியத்தில் கால்புள்ளியை எங்கே வைப்பது என்று வெகுகாலம் தர்க்கித்தார்கள். புள்ளி இடம் மாறினால் பொருளும் மாறும்!

கடைசியாக 1580-ல், 13-ம் கிரகோரியார் அனுப்பிய சேசுசபைக் குரு தொலேதோ லூவேனுக்கு வந்தார். கண்டிக்கப்பட்ட வாக்கியங்களில் அநேகம் தாம் போதித்தவையே என்றும், கண்டிக்கப்பட்ட அதே பொருளில் போதித்தோம் என்றும் பாயுஸ் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டார். அப்போது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். 1589-ல் திருச்சபையின் சமாதானத்தில் மரித்தார்.

ஆனால் விதைத்தது முளையாமல் போகவில்லை. அதே லூவேனில் படித்த ஜான்சேனியுஸ் எழுதிய நூல், அவர் இறந்தபின் 1640-ல் வெளியாகி, நூறு வருஷத்துக்குமேல் ஆத்துமங்களைக் கலங்கச் செய்தது. பயத்தினால் நற்கருணையை விட்டு விலகி நின்றவர்கள் எத்தனை பேர்!

பிரியமானவர்களே, சொன்ன வார்த்தையைத் திருப்பிக்கொள்வது கஷ்டம். வீட்டில் மனைவியிடம், பிள்ளையிடம், நான் சொன்னது தவறு என்று சொல்ல நமக்கு நா எழுகிறதா? கீர்த்திபெற்ற ஆசிரியருக்கு அதைச் சொல்லப் பதின்மூன்று வருஷம் ஆயிற்று. நாம் அத்தனை நாள் தாமதியாதிருப்போமாக.