அடிமையாய் வந்தவர் கொண்டுவந்த தண்ணீர்



கி.மு. 690 முதல் 664 வரை எகிப்தை ஆண்ட தஹர்கா, அந்த மண்ணில் பிறந்தவர் அல்ல. தெற்கே நூபியாவிலிருந்து வந்த அரச வம்சத்தவர். அதேபோல ஆப்பிரிக்காவிலிருந்து வந்து நம் இந்தியாவில் ஒரு நாட்டையே நடத்திய ஒருவர் உண்டு. அவர்தான் மாலிக் அம்பர்.

1548 வாக்கில் எத்தியோப்பியாவில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அடிமையாக விற்கப்பட்டு, கை மாறிக் கை மாறி பாக்தாத் போனார். அங்கே அவரை வாங்கிய வணிகர் எழுத்தும் கணக்கும் கற்றுக் கொடுத்தார். பிறகு அகமதுநகர் அமைச்சர் செங்கிஸ் கான் அவரை வாங்கினார். அந்த அமைச்சரும் ஒரு காலத்தில் ஆப்பிரிக்க அடிமைதான்! அவர் இறந்ததும் அம்பர் விடுதலை பெற்று, சொந்தமாகக் குதிரைப்படை திரட்டினார்.

1600-இல் அகமதுநகர் கோட்டை அக்பரின் படையிடம் விழுந்தது. அம்பர் அசரவில்லை. அரச வாரிசு ஒருவரை அரியணையில் ஏற்றி, ஆட்சியைத் தானே நடத்தினார். மராட்டிய வீரர்களைச் சேர்த்துக்கொண்டு, மறைந்திருந்து தாக்கி மொகலாயரைத் திணறடித்தார். ஆத்திரம் தாங்காத ஜஹாங்கீர், அம்பரின் தலையில் தான் அம்பு விடுவதுபோல் ஓவியம் வரையச் செய்தார். படத்தில் மட்டும்தான் அது முடிந்தது!

சிவில் படிக்கிற நமக்கு அவர் போரைவிடத் தண்ணீர்தான் முக்கியம். 1610-இல் கட்கி என்ற நகரை உருவாக்கினார். மலையடிவாரத்து நிலத்தடி நீரைப் பூமிக்கடியில் கால்வாய் கட்டி ஊருக்குள் கொண்டுவந்தார். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, சரிவு ஒன்றுதான். சரிவு கொஞ்சம் தப்பினாலும் தண்ணீர் வராது. டம்பி லெவலோடு வெயிலில் நின்ற நமக்குத் தெரியாதா அந்தக் கஷ்டம்?

நம்ம மதுரையில் திருமலை நாயக்கர் 1623-இல் பட்டத்துக்கு வந்தார். மூன்று வருஷம் கழித்து, 1626-இல் அம்பர் மறைந்தார். கட்கி பின்னாளில் ஔரங்காபாத் ஆனது. 2023-இல் சத்ரபதி சம்பாஜிநகர் ஆனது. ஊர்ப் பெயர் மாறிக்கொண்டே போனாலும், அந்த நீர்வழிக்கு இன்றும் அம்பர் கால்வாய் என்றுதான் பெயர்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அம்மா காளவாசல் பக்கம் சித்தாள் வேலைக்குப் போகிறார். சித்தாள் மகனுக்கு டிப்ளமோ எதற்கு என்று சொந்தக்காரர்களே கேட்டதுண்டு. அவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. அம்பரை யார் விற்றார், யார் வாங்கினார் என்று அந்த ஊர்க் குழாயடியில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தண்ணீர் வந்ததா என்றுதான் பார்த்திருப்பார்கள். நாமும் அப்படி ஒன்றைக் கட்டிவிட்டுப் போவோம் தோழர்களே!

– இரண்டாமாண்டு சிவில் மாணவன், காளவாசல்