தத்துவபோதக சுவாமிகள்

உரோமாபுரியில் 1577ஆம் ஆண்டு உயர்குடியிற் பிறந்து, இயேசு சபையிற் சேர்ந்த ரொபேட் டி நொபிலி, 1606இல் மதுரை வந்தடைந்தார். கிறித்துவராவோர் பரங்கியராகிக் குலமிழப்பர் என்றே அந்நகரத்தார் அஞ்சியிருந்தனர். சுவாமிகளோ காவியுடுத்துப் புலால் நீத்தார்; தமிழும் வடமொழியும் ஐயந்திரிபறக் கற்றார்; கோவில், பூசை, அருள் எனத் தமிழர் நாவிற் பழகிய சொற்களாலேயே தம் சமயத்தை விளக்கினார். ஞானோபதேசம் முதலிய உரைநடை நூல்கள் அவ்வாறு எழுந்தன.

பூணூலும் குடுமியும் சந்தனமும் சமயச் சின்னங்களோ, வெறுங் குலவழக்கங்களோ? சிறு வினாவாகத் தோன்றும் இதுவே அவர் பணியனைத்தையும் அழிக்க முற்பட்டது. உடனுறைந்த குருவே குற்றஞ் சாட்டினார். 1619இற் கோவாவிற் கூடிய அவையிற் பெரும்பாலார் அவரை மறுத்தனர். 1623இற் பாப்பரசர் பதினைந்தாம் கிறகோரியார் அவ்வழக்கங்களுக்கு இசைவளித்தார்.

ஆயினும், குலவழக்கத்தோடு குலவேற்றுமையும் கோவிலினுட் புகுந்துவிட்டது. பின்னாளில் உயர்ந்தோர் எனப்பட்டார்க்குச் சந்நியாசிகள், ஏனையோர்க்குப் பண்டாரசுவாமிகள் எனக் குருமாரும் இருதிறத்தாராயினர். சுவாமிகளின் தமிழ்ப்பணியைப் போற்றும் எம்போல்வார்க்கும் இஃது உறுத்தலே.

முதுமையிற் கண்ணொளி மங்கிய நிலையில் அவர் மதுரையை விட்டு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார். சில ஆண்டுகள் இங்குத் தங்கியபின் மயிலாப்பூர் சென்று, 1656ஆம் ஆண்டு தைத்திங்களில் அங்கே இறைவனடி எய்தினார்.